வாங்கிப் போகாத படம்

"மேடம், இந்தப் படம் இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

வந்தவர் உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த செல்போனை ஸ்டூடியோக்காரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை.

அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். கறுப்பு வெள்ளைப் படம். பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் இளம்பெண்.

"இருக்கு சார். முதல்ல உட்காருங்க. நம்ம பேஜ்ல பார்த்தீங்களா?"

"ரெண்டு வருஷமா ஃபாலோ பண்றேன் மேடம். லைக் போடுவேன், போயிடுவேன். இந்தப் படத்தைப் பார்த்ததும் இருப்புக்கொள்ளலை. ராத்திரி ரயிலைப் பிடிச்சு வந்துட்டேன்."

உள்ளே லைட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவர் காதைத் தீட்டிக்கொண்டார். 'ஃபாலோ பண்றவங்க பதினெட்டாயிரம் பேர், பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவங்க பூஜ்யம்' என்று ஓயாமல் புலம்பிய மனிதர் அவர்.

பேஜ் ஆரம்பித்தது அவள் யோசனை. யாரும் வாங்கிப் போகாமல் பரணில் தூங்கிய பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். முன்பல் விழுந்த பையன், இரவல் கோட்டுக்குள் தொலைந்துபோன மாப்பிள்ளை, கொட்டாவி விடும் குழந்தை. 'அந்தக் காலம் மாதிரி வருமா!' என்று இதயம் இதயமாக அள்ளிக் கொட்டினார்கள். கடைப் பக்கம் மட்டும் ஒரு காக்கா குருவி எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வரி சேர்த்தாள்: 'தெரிஞ்ச முகமா? நேர்ல வந்து வாங்கிட்டுப் போங்க.'

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! இந்தச் சிரிப்பை நான் மறப்பேனா?" அவர் சுற்றிலும் பார்த்தார். "அடுத்த தெரு காலேஜ்லதான் நாங்க படிச்சோம். பரீட்சை சமயத்துல உங்க கடை வாசல்ல நிக்க இடம் இருக்காது. கண்ணாடி பக்கத்துல நூல்ல கட்டி ஒரு சீப்பு தொங்கும். அந்த ஒரே சீப்புல காலேஜே தலை வாரிக்கும்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. "வாரத்துக்கு ஒரு சீப்பு உடையும் சார்."

"லைப்ரரில நாங்க எதிரெதிரே உட்காருவோம். மூணு வருஷம் பேசினதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் தேறாது. பேனா கேட்பா, குடுப்பேன். மூடியைக் கடிச்சு வெச்சுத் திருப்பித் தருவா. அவ்வளவுதான். கடைசி நாளன்னைக்குத் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, ஞாபகத்துக்கு ஒரு போட்டோ கிடைக்குமான்னு கேட்டேன். பதிலே சொல்லாம எழுந்து போயிட்டா. மறுபடி அவ முன்னால போய் நிக்க எனக்கு முகமே இல்லை. அந்த வாரமே வேலை கிடைச்சது. ஊரை விட்டே கிளம்பிட்டேன்."

"சார், ஒரு விஷயம்..." என்று அவள் வாயெடுத்தாள்.

"இருங்க மேடம், சொல்லி முடிச்சுடறேன். இத்தனை வருஷமா அவ என்னை ஒரு ஆளாவே நினைக்கலைன்னுதான் இருந்தேன். முந்தாநாள் இதைப் பார்க்கறேன். அப்போ, அன்னைக்கு எழுந்து போனவ நேரா இங்கேதானே வந்திருக்கா? எனக்குக் குடுக்கத்தானே உட்கார்ந்து சிரிச்சிருக்கா? நான்தான் பொறுக்காம ஓடிட்டேன். யாருக்குக் குடுக்கறதுன்னு, வாங்காமலே விட்டுட்டா." செல்போனில் இருந்த படத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். "அவ எங்கேயோ நல்லா இருக்கட்டும். என்னையும் ஒருத்தி நினைச்சிருக்கான்னு தெரிஞ்சுதே, அது போதும்."

சொல்ல வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். உள்ளே போய்ப் படத்தை ஓர் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எவ்வளவு மேடம்?"

"இதுக்குக் காசு வேண்டாம் சார்."

"அதெப்படி? சும்மா வாங்கிட்டுப் போக எனக்கு மனசு ஒப்பலை. சரி, என்னை ஒரு படம் எடுங்க. பெரிசா, ஃபிரேம் போட்டு."

போட்டோகிராபரான கணவர் ஓடோடி வந்தார். வழக்கமாக வாய் வலிக்க 'கொஞ்சம் சிரிங்க' என்று கெஞ்சுபவருக்கு இன்று அந்த வேலையே இல்லை. கிளம்பும்போது, மகள் கல்யாணத்துக்கும் படம் எடுக்க நீங்கள்தான் வர வேண்டும் என்று சொல்லி முன்பணமும் கொடுத்தார் வந்தவர். உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படிகளில் கல்லூரிப் பையன் மாதிரி இறங்கிப் போனார்.

கதவு மூடியதும் கணவர் மெல்லக் கேட்டார்.

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"வாயெடுத்தேங்க. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எங்கே சொல்றது?"

அவர் பிரிண்டரை ஓடவிட்டார். அதே பெண், அதே சிரிப்பு, இன்னொரு பிரதியாக வெளியே வந்தது. அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"போன வாரம் வந்தவருக்கு இவ பக்கத்து வீட்டுப் பொண்ணு. அதுக்கு முன்னாடி வந்தவருக்கு டைப்ரைட்டிங் கிளாஸ்ல கூடப் படிச்சவ. எதிர்லயே உட்கார்ந்து கதை கேட்கறேன், ஒருத்தருக்காவது என்னை அடையாளம் தெரியுதா பாருங்க! கல்யாணமான புதுசுல, புது லைட்டைச் சோதிக்கறேன்னு நீங்க என்னைப் பிடிச்சு உட்கார வெச்சு எடுத்த படம்ங்க இது!"