கழற்றிய கட்டில்

கட்டிலை எதற்குக் கழற்றினோம் என்று லிப்ட் மெக்கானிக்குக்கே இப்போது விளங்கவில்லை. கோளாறு பிடிபடாவிட்டால் முதலில் பிரித்துப் போட்டுவிடுவது அவருடைய தொழில் பழக்கம். வேலை போனதிலிருந்து, வேறு ஊருக்குக் குடிபோய்த் தேடலாமா, கிடைத்த பிறகு போகலாமா என்று அல்லாடுகிறார். காலி செய்கிறாரா இல்லையா என்று வீட்டுக்காரருக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். ஜன்னல் வெயில் தரையில் கிடக்கும் சட்டங்களின் மேல் நகர்கிறது. எட்டு ஸ்க்ரூவில் ஒன்றைக் காணோம். பத்து மாடி லிப்டைப் பிரித்து மாட்டுகிறவர் மண்டியிட்டு அலமாரிக்கு அடியில் துழாவுகிறார். கையில் வருவது மகளின் அழிரப்பர். மெத்தையில் உட்கார்ந்து துணி மடிக்கும் மனைவியிடம் மறுபடியும் கேட்கிறார்: “போலாமா, வேணாமா?” “கழட்டும்போது என்னைக் கேட்டீங்களா?” “கட்டில்னா திருப்பி மாட்டிடலாம்மா. வீட்டைக் காலி பண்ணிட்டா?” துணி மடிக்கும் கை நிற்கிறது. மடித்த சட்டைக்கு அடியிலிருந்து அந்த ஸ்க்ரூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். “நீங்க மொதல்ல போங்க. வேலை கிடைச்சதும் நானும் பாப்பாவும் வர்றோம். அதுவரைக்கும் நாங்க படுக்கணும், கட்டிலை மாட்டிட்டுப் போங்க.”