லண்டனுக்கு ஊறுகாய்

எழுபத்திரண்டில் எங்கள் வீட்டுக்கு லண்டன் ஸ்காலர்ஷிப் வந்தது. ரத்த ஆராய்ச்சிக்கு, இரண்டு வருஷம். நானும் என் மனைவி அனந்தலக்ஷ்மியும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தோம். கிளம்பும் நாளில் திருவனந்தபுரம் கரமனைத் தெருவே மாலைகளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

"நாகேஸ்வரா, அங்கே குளிர் கொல்லும், கேட்டோ. கம்பளி பனியன் மறக்காதே," என்று எனக்கு மாலை போட்டார் பக்கத்து வீட்டுக் கல்யாணராமன்.

அவர் மனைவி நாரத்தங்காய் ஊறுகாய் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு லக்ஷ்மியிடம் திரும்பினாள். "பாவம்டீ, கைக்குழந்தையை வச்சுண்டு ரெண்டு வருஷம் எப்படித் தள்றது?"

"அதான் மாமி பயமாயிருக்கு. போகவே வேண்டாம்னுதான் இவர்கிட்ட சொல்லிண்டிருக்கேன்."

"அசடு! இந்த சான்ஸ் இனி வருமோ? குழந்தை தானா வளரும். தைரியமா இரு!"

லக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியை நமஸ்கரித்தாள்.

கல்யாணராமனும் மாமியும் விமான நிலையம்வரை வந்தார்கள். பம்பாய் விமானத்துக்கு அழைத்தார்கள். நான் மாலைகளைக் கழற்றி லக்ஷ்மிக்குப் போட்டேன். குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள்.

"எந்தாடா இது? ஸ்காலர்ஷிப் உனக்கில்லையா?" என்று அலறினார் கல்யாணராமன்.

"அவளுக்குத்தான் மாமா. யாரும் கேக்கலையே! மாலை போட வந்தா தடுக்கிற பழக்கமும் எனக்கில்லை."

மாமி, "அப்போ ஊறுகாயை அவகிட்டன்னா குடுத்திருக்கணும்!" என்று கையை நீட்டினாள்.

நான் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் மாமி. இனி சமைக்கப் போறது நானாக்கும்."