மாட்டோடு போன மொழி

"பாப்பா, உங்க மாடு கறக்க மாட்டேங்குது. ஓட்டிட்டு வரப்ப அதுகிட்ட நீ என்னமோ பேசினியே, அதைச் சொல்லிக் குடு!"

போனில் பச்சியப்பன். முந்தாநாள்தான் செவலைப் பசுவை வாங்கிப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஓட்டிப் போயிருந்தார்.

யுவராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். விண்வெளிக் கதையில் வரும் முரட்டு வீரர்களுக்கென்றே உண்டாக்கிய கிளிங்கான் மொழியை அவள் போனில் படித்துக்கொண்டிருந்தாள். பேசிப் பழக ஊரில் ஆள் ஏது? பால் கறக்கும்போது பசுவிடம் பேசினாள்.

"மாட்டைக் கெடுத்து வெச்சிருக்கே!" என்று கத்தினார் அப்பா மாதேஸ்வரன். "அந்தாளு அதைத் திருப்பி ஓட்டிட்டு வந்தாருன்னா, உன் போனைக் கெணத்துல போட்டுருவேன்!"

யுவராணி அவசரமாகச் சொல்லிக்கொடுத்தாள். "'நுக்நெஹ்'னு சொல்லுங்கண்ணா. அவங்க பாஷையில வணக்கமே கெடையாது. பாத்தவுடனே 'என்ன வேணும்?'னுதான் கேப்பாங்க. கடைசியில காறித் துப்பற மாதிரி இழுக்கணும்."

"நுக்... நெக்கஹ்!" அந்தப் பக்கம் இருமல் வந்தது.

"துப்பிடாதீங்கண்ணா!"

மறுநாளும் அழைத்தார். "இன்னும் மசியல பாப்பா. நன்றி சொல்றது எப்படி?"

"கறக்கவே இல்லைன்னீங்க. நன்றி எதுக்குங்க?"

"கறந்தா சொல்லணுமில்ல!"

சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் ஆசையா... ஏதாச்சும் இருக்கா?"

"'காமுஷ்ஹா'. உன்மேல பிரியம்னு அர்த்தம். ஆனா அதையும் அதட்டித்தான் சொல்லணும்."

"அதட்டறது எனக்கு நல்லா வரும்," என்றார் நிம்மதியாக.

நான்காம் நாள் அழைப்பே இல்லை. அப்பா போனையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பொறுக்க முடியாமல் யுவராணி பொம்மிடியில் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது, பச்சியப்பனின் மனைவி அமுதவல்லி செவலையின் மடியடியில் உட்கார்ந்திருந்தாள். செம்பில் நுரை விளிம்பு வரை பொங்கியிருந்தது.

"அப்பாடா! கறந்துடுச்சா! எந்த வார்த்தைக்குக்கா மசிஞ்சுது?"

"வார்த்தையா? அது வந்த அன்னிக்கே கறந்துச்சே பாப்பா. தங்கமான மாடு!"

யுவராணி திகைத்தாள். "அப்ப அண்ணன் தெனமும் போன் பண்ணிக் கத்துக்கிட்டதெல்லாம்?"

அமுதவல்லியின் முகம் சிவந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்கிட்ட பேசறதுக்கு! கல்யாணமாகிப் பதினோரு வருசம் ஆச்சு... தமிழ்ல சொல்ல அவருக்கு வெக்கமாம்!"