மச்சான் சொன்ன வார்த்தை

“வண்டிய எடு பன்னீரு. செங்கல்பட்டு போய் அவன் வூட்டு வாசல்லயே வெச்சி கேக்கறேன்.”

கேசவன் காரின் கதவை அறைந்து சாத்தினார். புதுப்பட்டினத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நகல் எடுக்க வருகிறவர்களின் பேச்சில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்வது அங்கே இலவசம். பாதிப் பேர் அதனால்தான் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

காலையிலிருந்து அவருக்கு நெஞ்சில் பாரம், இடது தோளில் வலி. தெருமுனை கிளினிக் டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். “இது வெறும் வாயு. டாக்டர் சொல்லிட்டா சரியாயிடுமா?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். மனைவி ரேணுகா அழுது பார்த்தாள். “அழுகை ஆதாரம் ஆவாது” என்றார்.

அப்புறம்தான் ரேணுகா தன் தம்பி பூபாலன் சொன்னதைச் சொன்னாள். ‘மாமாவுக்கு ஊசின்னா பயம். அந்த பயத்துக்குத்தான் லாஜிக்னு பேரு வெச்சிகினு கீறாரு.’

கேசவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

“ஆளத் தாக்கறான் பாரு! வாதத்துக்கு பதில் சொல்ல துப்பில்லாதவன் செய்ற வேல!” கார் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியும் பொருமல் அடங்கவில்லை. “எப்ப சொன்னான்?”

“எப்பவோ சொன்னான், வுடுங்க.”

பூபாலன், பந்தியில் சாம்பார் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவன்.

“எதுத்த வூட்டு அப்பாசாமி அண்ணனும் வெறும் வாயுன்னுதான் சொன்னாரு. போய்ட்டாரு” என்றாள் ரேணுகா.

“ஒருத்தன் போனா எல்லாரும் போவானா? ஒண்ண வெச்சி ஊரையே அளக்காத.”

“ஊரே சொல்லுதே, காட்டிட்டு வரணும்னு.”

“ஊரே சேந்துதான் ஓட்டும் போட்டுச்சு. சரியாவா போட்டுச்சு?”

ஓட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வம் சிரித்துவிட்டான். சிரித்தபடியே வேகத்தைக் கூட்டினான்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா உசுரு, போவலன்னா சாவு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றாள் ரேணுகா.

“இன்னா ரெண்டு? மூணாவது ஒண்ணு கீது. கோலி சோடா.”

வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் மட்டும் வெற்றிக் களை. “எங்கப்பா கடைசி வரிக்கும் ஒரு ஊசி போட்டுக்கல. எம்பது வயசு. அதுக்கு இன்னா சொல்ற?”

இதற்கு ரேணுகாவிடம் பதில் இருந்தும், “அது சரிதாங்க” என்று முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்தாள்.

திருக்கழுக்குன்றம் மலை பின்னால் போனது. கேசவன் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு வாங்கியது. அவர் தலை சாயும் போதெல்லாம், “தம்பி இன்னமும் அதேதான் சொல்லுவான்” என்று ரேணுகா சீண்டினாள். கண் பட்டென்று திறந்துகொண்டது.

கார் நின்றது. கதவைத் திறந்தால், எதிரிலேயே பூபாலன். கேசவன் விரலை நீட்டிக்கொண்டே இறங்கினார். தலைக்கு மேலே ‘அவசர சிகிச்சைப் பிரிவு’ என்று எழுதியிருந்ததை அவர் இன்னும் படிக்கவில்லை.

“டேய் மச்சான்! எனக்கு பயம்னு சொன்னியாமே? தைரியம் இருந்தா வாதத்துக்கு வாதம் பேசுடா!”

பூபாலன் குழப்பத்தோடு அக்காவைப் பார்த்தான். பிறகு, கையில் பிடித்திருந்த சக்கர நாற்காலியை மாமாவின் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினான்.

“நான் எங்க மாமா சொன்னேன்? ஒக்காருங்க.”