மாஸ்க்குக்கு வந்த கோபம்

வாசல் ஆணியில் மாஸ்க்கும் ஸ்கூட்டர் சாவியும் ஒன்றாகத் தொங்கின. உள்ளே வீட்டுக்காரன் ஞானவேல் மனைவியிடம், "ஊரடங்குதான், இல்லைங்கல. அதுக்காக வாய்க்கு ருசியா பொரிச்ச கோழி தின்னக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நியாயம்தானே?" என்றது சாவி. "தினமும் ரசஞ்சோறு. மனுஷனுக்கு நாக்கு செத்துப்போகாதா?"

மாஸ்க்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தின்னட்டும், யார் வேண்டாம்னா? போன வாரம் அடுத்த தெருவுல, அவனை வளர்த்த அத்தை செத்துக் கிடந்தாங்க. என்னைக் கையில எடுத்தான். 'வெளியே போனா போலீஸ் பிடிக்கும்'னு திரும்ப ஆணியிலயே மாட்டிட்டான். இன்னிக்கு மட்டும் பிடிக்காதாமா?"

"அன்னிக்குப் பயந்திருப்பான், விடு" என்றது சாவி.

அதற்குள் ஞானவேல் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கடைத்தெரு முனையில் போலீஸ்காரர் வண்டியை மறித்தார். "எங்கேய்யா போறே?"

"அத்தைக்கு ரொம்ப முடியல சார். அவசரமா மாத்திரை வாங்கணும்."

அந்தப் பொய் மாஸ்க்கின் வழியாகத்தான் வெளியே வந்தது, சூடாக. மாஸ்க் தன் பலத்தையெல்லாம் கூட்டி, காதுப் பட்டையை அறுத்துக்கொண்டு ரோட்டில் விழுந்தது.

"மாஸ்க் இல்லாம ஒரு அடி போகக் கூடாது. திருப்பு வண்டியை!" என்றார் போலீஸ்காரர்.

ஞானவேல் கீழே கிடந்த மாஸ்க்கை முறைத்தான்.

"ஆத்திர அவசரத்துக்கு உதவுதா பாரு, சனியன்!"