ஒரு மாத்திரை கூடுதலாக

பலாப்பழ வாடை வாசலிலேயே பவானியின் மூக்கில் ஏறியது.

உள்ளே அப்பா சுப்பராயலு கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு, சுளை சுளையாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். முகவாயில் சாறு வழிந்தது.

அவருக்குக் குடலில் புற்றுநோய். சர்க்கரை வந்து இருபது வருடம். இன்று நான்காவது கீமோ. புதுச்சேரிக்கு அழைத்துப் போகத்தான் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் காடாம்புலியூர் வந்திருந்தாள்.

“கீமோவெல்லாம் நிறுத்தியாச்சும்மா. சுகர் மாத்திரையே கேன்சரப் பட்டினி போட்டுச் சாவடிச்சிடுதாமே! பழத்துக்குன்னு ஒண்ணு ஜாஸ்தியாவே போட்டுக்கிட்டேன்.”

இந்தப் பக்கத்துச் சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை வாய்க்குள் போய்விடும். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பு.

அப்பா ஒரு செய்தித்தாள் துண்டை நீட்டினார். பவானி வேலை செய்யும் ஆய்வகத்தைப் பற்றிய பேட்டி. சர்க்கரை மாத்திரையின் மருந்தை மேலே ஊற்றியதும் புற்றுநோய் செல்கள் செத்துவிட்டனவாம்.

செத்தது உண்மைதான். சர்க்கரையைக் குறைத்து வைத்த ஆய்வகத் தட்டுகளில் செத்தன. சர்க்கரை தாராளமாக இருந்த தட்டுகளில் அதே செல்கள், அதே மருந்துக்குள்ளேயே கிடந்து, முன்னைவிட இரண்டு பங்கு சர்க்கரையை விழுங்கிப் பிழைத்துக்கொண்டன. தட்டில் ஊற்றிய அளவு மருந்தை மனித உடம்பு தாங்காது என்பது வேறு.

அதைப் பற்றியெல்லாம் பேட்டியில் ஒரு வார்த்தை இல்லை.

த்தூ! பேப்பரில் பெயர் வரவேண்டும் என்பதற்காக இப்படியுமா பாதி உண்மையை முழுங்குவது? பவானிக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா மெல்லும் சத்தத்தைக் கேட்கச் சகிக்கவில்லை.

பழத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். எண்ணெய்க் கை வழுக்கிக்கொண்டு போனது.

அப்பா சிரித்தார்.

“வடலூர்ல ஒன் சபாபதி மாமாவும் கீமோவ நிறுத்திட்டாரும்மா. டாக்டருங்க கெடக்கறாங்க, நம்ம பவானியே பேப்பர்ல பேட்டி குடுத்துச் சொல்லிட்டா, அப்புறம் இன்னான்னுட்டாரு.”