மரத்துப்போன கன்னம்

"கண்ணை மூடிக்கங்க தம்பி. குத்துறது தெரிஞ்சா உடனே சொல்லுங்க" என்றார் டாக்டர் நரசிம்மலு. அவர் கையில் குண்டூசி இருந்தது.

நஞ்சுண்டன் கண்ணை மூடினான்.

அவனுக்குப் பேசியிருந்த பெண் நாச்சியம்மாளின் தாய்மாமன் குமாரசாமி எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையில் உறுதி வார்த்தை பேசக் காரமடைக்கு வந்தவர், மாப்பிள்ளையின் கன்னத்தில் வெளுத்த தேமலைப் பார்த்துவிட்டார். அதில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை அதை விரட்டவே இல்லை.

குஷ்டம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குமாரசாமி அவனைக் கையோடு கோயமுத்தூருக்கு இழுத்து வந்துவிட்டார்.

அது குஷ்டமில்லை என்று நஞ்சுண்டனுக்குத் தெரியும். எல்லாம் இந்தப் பாழாய்ப்போன பருவால் வந்த வினை.

தேர்த் திருவிழாவில் நாச்சியம்மாளைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குத் தன் முகத்தின் மேலேயே கோபம். புது நூல் மில்லில் கம்பவுண்டராக இருந்த சிநேகிதன், பருவின் தலையில் மட்டும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லிக் கார்பாலிக் திராவகம் கொடுத்தான். இவன் நேற்றும் இன்று விடியற்காலையிலும் கன்னம் முழுக்கப் பூசிக்கொண்டான். தோல் வெளுத்து மரத்துப்போயிற்று.

சொல்லித் தொலைத்தால் தீர்ந்தது. ஆனால் ஆம்பளை பருவுக்கு மருந்து பூசினான் என்று தெரிந்தால், குமாரசாமி அவன் பேரன் பேத்தி எடுக்கும்வரை சிரித்துச் சிரித்தே மானத்தை வாங்குவார். நல்லவேளை, டாக்டரின் அறை முழுக்கவே கார்பாலிக் வாடை. அவன் கன்னத்து வாடை தனியாகத் தெரியவில்லை.

ஊசி கையில் குத்தியது. சொன்னான். நெற்றியில் குத்தியது. சொன்னான்.

பிறகு ஒன்றுமில்லை.

குமாரசாமி மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இந்நேரம் கன்னத்தில் குத்தியிருப்பார். சும்மா இருந்தால் நாச்சியம்மாள் கைவிட்டுப் போய்விடுவாள். அவன் துணிந்துவிட்டான்.

"சுருக்குங்குதுங்க!"

கண்ணைத் திறந்தான். டாக்டர் எட்டத்தில் மேசையருகே நின்று ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் குத்தவே இல்லீங்களே, தம்பி."

நஞ்சுண்டன் பதறிப்போய்ப் பருவையும் கார்பாலிக்கையும் ஒன்றுவிடாமல் கொட்டினான்.

குமாரசாமி சிரிக்கவில்லை.

எழுந்து நின்று, காலையில் அவனைப் பிடித்து இழுத்து வந்த கையைப் பார்த்துக்கொண்டே, கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டார்.